சலுகையை ஏற்பதும் இபாதத்தே

"டொக்டர் நோன்பு பிடிக்க வேண்டாமென்றுதான் சொன்னார். ஆனால் மனம் கேட்கவில்லை." ரமழான் வந்தால் சீனி வருத்தமுள்ள பலர் இப்படிச் சொல்வதைக் கேட்கிறேன். கேட்பவர்களும் "மாஷா அல்லாஹ், நல்ல ஈமான்" என்று பாராட்டிவிடுகிறார்கள். இந்தப் பாராட்டு சரியானதுதானா?

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். நமது நாட்டில் நோன்பின் நேரம் 13 மணித்தியாலங்களுக்கும் அதிகம். ஆரோக்கியமானவரின் உடம்பு ஈரலில் சேமித்த சீனியை எடுத்துச் சமாளிக்கும். இன்சுலின் சுரப்பையும் தானே குறைத்துக்கொள்ளும். இன்சுலின் ஊசி போடுபவருக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மருந்து தன் வேலையைச் செய்யும். சீனி அளவுக்கு மீறி இறங்கினால் வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றம், கடைசியில் மயக்கம். அதற்குப் பயந்து மருந்தை நிறுத்தினால் சீனி ஏறும். உடம்பில் நீர் வற்றும். பலவீனமான சிறுநீரகம் மேலும் பாதிக்கப்படும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், கிளினிக்கில் வேண்டாமென்று சொல்லியும் நோன்பு பிடித்தார். ஒருநாள் அஸருக்குப் பின் தூங்கிவிட்டார். நோன்புக் களைப்பென்று வீட்டார் எழுப்பவில்லை. இஃப்தாருக்கு எழுப்பியபோது அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் தப்பியது அல்லாஹ்வின் அருள்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்களே சொல்கின்றன. சுகமாகக்கூடிய நோயென்றால் பிறகு களாச் செய்யலாம். சுகமாகும் எதிர்பார்ப்பு இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்துப் பித்யா கொடுக்கலாம்.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் சம்பவம் புகாரியில் பதிவாகியுள்ளது. இளம் வயதில் அவர் பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் தொழுதுவந்தார். உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டென்று அறிவுறுத்திய நபி (ஸல்) அவர்கள், மாதம் மூன்று நோன்பு போதுமென்றார்கள். தனக்குச் சக்தி இருப்பதாக அவர் வற்புறுத்தவே, தாவூத் நபியைப் போல ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்க அனுமதித்தார்கள். முதுமை வந்தபோது, அன்றே நபியவர்களின் சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர் வருந்தினார். ஒரு ஸஹாபிக்கே உடம்பின் எல்லை அப்படித்தான் விளங்கியது.

சீனி வருத்தமுள்ள எல்லோரும் நோன்பை விட வேண்டுமென்பதல்ல இதன் பொருள். சீனி கட்டுப்பாட்டில் உள்ள பலர் டொக்டரின் ஆலோசனையோடு பாதுகாப்பாக நோற்கலாம். அதற்கு ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே டொக்டரைச் சந்திக்க வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவரே மாற்றித் தர வேண்டும். நாமாக மாற்றக் கூடாது. நோன்புடன் விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70 இற்குக் கீழே இறங்கினாலோ 300 இற்கு மேலே ஏறினாலோ, மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். சிறுநீரக நோயாளிகள், சீனியுள்ள கர்ப்பிணிகள், அண்மையில் சீனி இறங்கி மயங்கியவர்கள் ஆகியோர் டொக்டர் தடுத்தால் அதைக் கேட்டேயாக வேண்டும்.

இன்னொரு பொறுப்பு நமக்குரியது. நோன்பில்லாத நோயாளி தன் சொந்த வீட்டிலேயே ஒளித்துச் சாப்பிடும் நிலை இருக்கிறது. டொக்டரின் சொல்லைவிட ஊரின் பார்வைக்கே அவர் பயப்படுகிறார். "வாப்பா ஏன் ஸேர் நோன்பில்லை?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டபோது நான் சொன்னேன்: "வாப்பாவுக்கு அல்லாஹ் வேறொரு கடமை தந்திருக்கிறான், மகன். ஒவ்வொரு நாளும் ஓர் ஏழையின் பசியைப் போக்குவது."

உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்கொண்டே அவனை வணங்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் அவன் தருவானாக. ஆமீன்.