சிரைவழி மயக்க மருந்துகள்

சிரைவழி மயக்க மருந்துகள் என்பவை, அறுவை சிகிச்சையின் தொடக்கத்தில் சிரை வழியாகச் செலுத்தப்பட்டு, நோயாளியை ஒரு நிமிடத்திற்குள் உணர்விழக்கச் செய்யும் மருந்துகள் ஆகும். தயோபென்டோன், புரோபோஃபால், கீட்டமின், எட்டோமிடேட் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. மிடாசோலம், டெக்ஸ்மெடிடோமிடின் போன்றவை பெரும்பாலும் தணிப்பு மருந்துகளாக, அதாவது பதற்றத்தைக் குறைத்து அரைத்தூக்கத்தில் வைத்திருக்கப் பயன்படுகின்றன.

மயக்கம் தெளிவது எப்படி?

ஒரே ஊசியில் மயங்கியவர், வேறு மருந்து தராவிட்டால், 5 முதல் 10 நிமிடங்களில் கண் விழிப்பார். அதற்குள் கல்லீரல் மருந்தைச் சிதைத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று.

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இதை வாய்க்கால் பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். முல்லைப் பெரியாற்று நீர் வாய்க்காலில் வந்ததும் முதலில் நிறைவது தலைமடை வயல். அங்கிருந்து கீழ்வயலுக்கு மடையைத் திறந்துவிட்டால், தலைமடையில் நின்ற நீர் இறங்கிக் கீழே பரவும். தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறியது. உடலில் தலைமடை மூளை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள அது, இதயம் செலுத்தும் குருதியில் சுமார் 15 சதவீதத்தைப் பெறுகிறது. ஆகவே மருந்து முதலில் மூளையை நிறைக்கிறது. பிறகு தசைகளுக்கும், மிக மெதுவாகக் கொழுப்புக்கும் பரவுகிறது. மூளையில் அளவு இறங்கியதும் விழிப்பு வருகிறது. இதற்கு மறுபங்கீடு என்று பெயர்.

கீழ்வயல்களும் நிறைந்துவிட்டால் தலைமடை நீர் எங்கே வடியும்? தயோபென்டோனைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நோயாளி மணிக்கணக்கில் எழாமல் கிடப்பது இதனால்தான். கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 10 முதல் 15 சதவீதம் என்ற அளவிலேயே சிதைக்கிறது. புரோபோஃபால் மிக விரைவாகச் சிதைவதால் தொடர்ந்து சொட்டாகச் செலுத்த ஏற்றது. எப்படியாயினும், விழித்துவிட்டார் என்பதற்காக அன்றே பைக் ஓட்டக் கூடாது. 24 மணி நேரம் பொறுக்கச் சொல்வது உடலில் மிச்சமுள்ள மருந்தைக் கருதித்தான்.

ஒவ்வொன்றின் இயல்பு

தயோபென்டோனை 1934-இல் அமெரிக்காவில் ரால்ஃப் வாட்டர்ஸ், ஜான் லண்டி ஆகியோர் பயன்படுத்தத் தொடங்கினர். புரோபோஃபாலைப் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஜான் கிளென் குழுவினர் உருவாக்கினர். 1986-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கலந்த பால் போன்ற நீர்மம் அது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மி.கி.; முதியவர்களுக்குக் குறைவு. இரண்டும் மூளையில் காபா ஏற்பிகளின் அடக்கும் வேலையை வலுப்படுத்துகின்றன. இரண்டும் வலியைப் போக்குவதில்லை; மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துகின்றன. 2009-இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது, தூக்கத்துக்காக வீட்டில் கொடுக்கப்பட்ட புரோபோஃபாலால்தான்.

எட்டோமிடேட் இதயத்துக்கு இதமானது. ஆனால் அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசோல் உற்பத்தியைத் தடுப்பதால் தொடர்ந்து கொடுப்பதில்லை. மிடாசோலத்துக்கு ஃபுளுமாசெனில் என்ற முறிமருந்து உண்டு. புரோபோஃபாலுக்கும் தயோபென்டோனுக்கும் அப்படி எதுவும் இல்லை.

மயக்கத்தில் தொண்டையின் காப்பு அனிச்சைகளும் ஓய்ந்துவிடுகின்றன. இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். "ஒரு டீதானே" என்று மறைப்பவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் உண்டு. பால் கலந்த டீ உணவுக் கணக்கில்தான் சேரும். மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கீட்டமினும் இந்தியச் சட்டமும்

கீட்டமின் தனி வகை. 1962-இல் கால்வின் ஸ்டீவன்ஸ் தயாரித்த இது, என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தடுக்கிறது. நோயாளியின் கண் திறந்திருக்கலாம். ஆனால் வலியும் சூழலும் மனத்தை எட்டுவதில்லை. வலியையும் போக்கும், இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தாது, மூச்சும் பெரும்பாலும் தானே நடக்கும். சிரை கிடைக்காத குழந்தைக்குத் தசையிலும் போடலாம். கருவிகள் குறைந்த சிற்றூர் மருத்துவமனைகள் இதை நம்பியிருப்பதற்கு இவையே காரணம். விழிக்கும்போது சிலருக்கு மாயக்காட்சிகள் தோன்றும். அதைக் குறைக்கச் சிறிது மிடாசோலம் சேர்ப்பார்கள்.

அந்த மாயக்காட்சிக்காகவே இது போதைப்பொருளாகவும் கடத்தப்பட்டது. இந்திய அரசு 2011-இல் இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும், 2013-இல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் சேர்த்தது. அதன்படி மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். மருந்துச்சீட்டு இரு படிகளில் இருக்க வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கடத்தலைத் தடுக்க இது தேவைதான். ஆயினும் தனி உரிமமும் பதிவேடும் சிறு மருத்துவமனைகளுக்குப் பெருஞ்சுமை என்பதையும் மறுக்க முடியாது. 2015-இல் உலக அளவில் இதைக் கட்டுப்படுத்தச் சீனா ஐ.நா.வில் முன்மொழிந்தது. ஏழை நாடுகளில் அறுவை சிகிச்சையே தடைப்படும் என்று உலக சுகாதார நிறுவனம் எதிர்த்தது, முடிவு தள்ளிவைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் 1985 முதல் கீட்டமின் இடம்பெற்று வருகிறது.