விரல் நுனியில் ஒரு பம்பரம்

பம்பரம் விட்டிருப்பீர்கள். சாட்டையிலிருந்து விடுபட்டதும் சற்றே தள்ளாடி, பின்பு ஓரிடத்தில் அசையாமல் நின்று சுற்றும். பம்பரம் தூங்குகிறது என்று சிறுவர்கள் சொல்வார்கள். வேகம் குறையக் குறையத் தலையாட்டம் தொடங்கும்; கடைசியில் சாய்ந்துவிடும். இப்போது பம்பரத்திற்குப் பதிலாக ஒரு கூடைப்பந்தையும், தரைக்குப் பதிலாக ஒரு மனிதனின் ஆட்காட்டி விரலையும் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் குழுவினர் காட்டும் வேடிக்கைகளுள் உலகறிந்தது இதுதான்.

இந்தக் குழு 1926-இல் சிக்காகோ நகரில் தோன்றியது. ஹார்லெம் என்பது நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதி. பெயரில் அதைச் சூடிக்கொண்டவர்கள் அங்கே முதன்முதலில் ஆடியது 1968-இல்தான்! ஏப் சாப்பர்ஸ்டீன் என்பவர் குழுவை ஊர் ஊராக அழைத்துச் சென்றார். ஆட்டத்தின் நடுவே ஒரு வீரர் வாளியைத் தூக்கிக்கொண்டு பார்வையாளர்களை நோக்கி ஓடிவருவார். தண்ணீரை ஊற்றப்போகிறார் என்று முன்வரிசையினர் பதறி எழுவார்கள். வாளியிலிருந்து கொட்டுவதோ வண்ணக் காகிதத் துண்டுகள்! குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து பார்க்கும் ஆட்டம் இது.

வாளி வேடிக்கைக்கு விளக்கம் தேவையில்லை. பந்துக்குத் தேவை.

சுழலாத பந்து விரலில் ஏன் நிற்பதில்லை? அதன் ஈர்ப்பு மையம் விரலுக்கு 12 செ.மீ. மேலே இருக்கிறது. இம்மியளவு சாய்ந்தாலும் புவியீர்ப்பு அதை மேலும் சாய்த்துவிடும். சுழலும் பந்துக்கோ கோண உந்தம் உண்டு. புவியீர்ப்பின் திருப்பு விசை அதைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக, அதன் அச்சைப் பக்கவாட்டில் மெல்ல வலம் வரச் செய்கிறது. பம்பரத்தின் தலையாட்டமும் இதுவே.

எவ்வளவு வேகம் வேண்டும்? விரல் நுனியை அசையாத ஒரு புள்ளி என்று கொண்டு, பம்பரத்திற்குரிய சமன்பாட்டைப் பந்துக்குப் பயன்படுத்தினால், நொடிக்கு ஏறத்தாழ ஐந்தரைச் சுற்று என்று விடை வருகிறது. இந்தக் கணக்கில் பந்தின் நிறை இடம்பெறவே இல்லை. ஆரமும், நிறை எங்கே பரவியிருக்கிறது என்பதும்தான் முக்கியம். கூடைப்பந்து உள்ளீடற்றது, நிறை முழுவதும் ஓட்டில் இருப்பதால் அதன் நிலைமத் திருப்புத்திறன் அதிகம். அதே அளவுள்ள கட்டையான மரப்பந்து என்றால் எட்டரைச் சுற்று தேவைப்படும். டென்னிஸ் பந்துக்கோ, அது உள்ளீடற்றதாயினும் ஆரம் சிறியது என்பதால், பத்துச் சுற்றுக்கும் மேல் வேண்டும். ஆகவே பெரிய பந்தைச் சுழற்றுவதே எளிது. கைதேர்ந்த வீரருக்கு ஐந்தரைகூடத் தேவையில்லை. பந்து சாயும் பக்கமாக விரலை நகர்த்தியே அவர் சமாளித்துவிடுவார். துடைப்பத்தை உள்ளங்கையில் நிறுத்தும்போது நீங்கள் செய்வதும் அதுதானே!

விரலின் உராய்வு பந்தை நிறுத்திவிடாதா? நிறுத்தும், ஆனால் மெதுவாக. விரல் பந்தைத் தொடும் இடம் அச்சிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. நெம்புகையின் நீளம் குறைவு, ஆகவே திருப்பு விசையும் குறைவு. மறு கையால் பந்தின் நடுப்பகுதியை உரசினாலோ அந்த விசை அச்சிலிருந்து 12 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது. லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், பந்து சுழன்றுகொண்டே இருக்கும்.

அவர்களிடம் இன்னொரு குறும்பும் உண்டு. உட்புறத்தில் ஒரு பக்கம் கனம் சேர்த்த பந்தை ஆட்டத்தில் நுழைத்துவிடுவார்கள். காற்றில் பறக்கையில் பரவளையப் பாதையில் செல்வது அதன் ஈர்ப்பு மையமே; பந்தோ அதைச் சுற்றித் தள்ளாடும். தரையில் உருட்டினால் குடித்தவன் நடைதான்.

ஆனால் என் கருத்தில் இவர்களுடைய உண்மையான வித்தை வேறு. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே செல்வதில் மார்க்கஸ் ஹெய்ன்ஸ் என்ற வீரர் இணையற்றவர். மண்டியிட்டும், படுத்தும், தரைக்குச் சில அங்குல உயரத்திலேயே தட்டிக்கொண்டிருப்பார். இடுப்புயரத்தில், அதாவது 80 செ.மீ. உயரத்தில், பந்து தானாக விழுந்து எழ 0.8 நொடி ஆகும். 5 செ.மீ. உயரத்தில் 0.2 நொடிதான். உயரம் பதினாறில் ஒரு பங்கானால் நேரம் நான்கில் ஒரு பங்காகிறது. ஒன்றைக் கண்டு கையை அசைக்க நமக்கும் ஏறத்தாழ 0.2 நொடி தேவை. எதிரி கை நீட்டுமுன் பந்து ஹெய்ன்ஸின் கைக்குத் திரும்பியிருக்கும்!

இதைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் இவர்களைக் கோமாளிகள் என்றே எண்ணினார்கள். அக்காலத்தில் பெரிய தொழில்முறைக் குழுக்களின் கதவுகள் கறுப்பின வீரர்களுக்கு ஏறத்தாழ மூடியே இருந்தன. 1948 பிப்ரவரியில் சிக்காகோவில் 17,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், மினியாபோலிஸ் லேக்கர்ஸ் என்ற வலிமைமிக்க வெள்ளையர் குழுவை இவர்கள் எதிர்கொண்டனர். 6 அடி 10 அங்குல உயர ஜார்ஜ் மைக்கன் அதில் இருந்தார். இறுதிக் கட்டத்தில் இரு தரப்பும் 59 புள்ளிகள். 24 நொடிக்குள் பந்தை எறிய வேண்டும் என்ற விதி 1954-இல்தான் வந்தது. அன்று அது இல்லை. ஹெய்ன்ஸ் எவர் கைக்கும் எட்டாமல் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். கடைசி நொடிகளில் எர்மர் ராபின்சனுக்குத் தந்தார். அவர் தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்தது. 61-59!

1950-இல் இக்குழுவின் நாட் கிளிஃப்டனை நியூயார்க் நிக்ஸ் குழு ஒப்பந்தம் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே லேக்கர்ஸ் மறுபடி மோதித் தோற்றிருந்தனர். அந்த ஆட்டத்தில் குளோப்டிராட்டர்ஸுக்கு வேடிக்கை காட்டவும் நேரம் மிஞ்சியது.