மோட்டார் இயந்திரத்தில் வளிக்கசிவு

ஒழுகும் குடத்தைக் கண்டறிதல் எளிது. அதனடியில் நிலம் நனைந்திருக்கும். மோட்டார் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் உண்டாகும் கசிவோ அத்தகையதன்று. அங்கே உள்ளிருந்து எதுவும் வெளிவருவதில்லை. வெளியிலுள்ள வளியே உட்புகுகின்றது. ஆதலின் தம் வண்டியைத் தாமே கழற்றிப் பூட்டிய ஒருவர், யாவும் செவ்வனே முடிந்தன என்றெண்ணி இயந்திரத்தை இயக்கும்போது அது முன்னிலும் கேடாய் ஓடுவதைக் கண்டு திகைக்கின்றார். தேடிப்பார்ப்பினும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படுவதில்லை.

முசலம் கீழிறங்கும்போது உருளையினுள் அமுக்கம் குறைகின்றது. அதனை ஈடுசெய்ய வளி விரைகின்றது. ஆயின் காபரேற்றரிலுள்ள ஒரு தட்டு அதனைக் குறுக்கே நின்று தடுக்கின்றது. சாரதி மிதியை அழுத்தாதவிடத்து அத்தட்டு ஏறக்குறைய முற்றாக மூடியிருக்கும். எனவே தட்டுக்கும் உருளைகளுக்கும் இடைப்பட்ட மனிபோல்ட் என்னும் கிளைக்குழாயில் வெற்றிடம் நிலவுகின்றது. நல்ல நிலையிலுள்ள இயந்திரத்தின் மனிபோல்ட்டில் வெற்றிடமானியை இணைத்தால், அதன் முள் 17 முதல் 21 அங்குல இரசத்துக்குள் அசையாது நிற்கும். 20 அங்குலமெனில், வெளிவளி சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 இறாத்தல் விசையுடன் ஒவ்வொரு பொருத்தையும் நெருக்குகின்றது என்பது பொருள்.

பெற்றோல் முற்றாக எரிவதற்கு நிறையளவில் அதனைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு வளி வேண்டும். காபரேற்றர் தன்னூடாகச் செல்லும் வளிக்கேற்பவே பெற்றோலை அளந்து கொடுக்கும்; புறவழியாற் புகுந்த வளி அதன் கணக்கிற் சேராது. மொறிஸ் மைனர் 1000 வண்டியில் 1956 முதல் 1962 வரை பொருத்தப்பட்ட 948 கனசென்ரிமீற்றர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோமாயின், வண்டி நிற்க இயந்திரம் மட்டும் நிமிடத்துக்கு 700 சுற்றுடன் ஓடும்போது அது உட்கொள்ளும் வளி ஏறக்குறைய 110 லீற்றராகும். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையொன்று நிமிடத்துக்கு 25 லீற்றர் வளியை உள்ளே விடவல்லது. அஃதாவது நாலிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தட்டு நன்கு திறந்து 4000 சுற்றுடன் ஓடும்போதோ ஆயிரம் லீற்றருக்கு மேற்பட்ட வளி உட்செல்லும். வெற்றிடமும் அப்போது குறைந்துவிடும். அத்துளை ஒரு பொருட்டன்று. நிற்கும்போது நோயாளியாயும் ஓடும்போது சுகதேகியாயும் தோன்றும் இயந்திரத்தில் முதலில் வளிக்கசிவையே ஐயுறுதல் வேண்டும் என்பதற்கு ஏது இதுவே.

யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரை இன்றும் காணலாம். 1990களில் பெற்றோல் அருமையாகிய காலத்தில், சிறிதளவு பெற்றோலாற் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவை இத்தகைய பழைய வண்டிகளே. சொந்தக்காரர் பலர் காபரேற்றரின் உள்ளமைப்பை அறிந்துகொண்டதும் அந்நெருக்கடியினாலேயாம்.

இவ்வியந்திரத்தில் உறிஞ்சு மனிபோல்ட்டும் புகைபோக்கு மனிபோல்ட்டும் தலையின் ஒரே பக்கத்தில் ஒரே கஸ்கெற்றின் மேல் அமர்கின்றன. பழைய கஸ்கெற்றின் துணுக்கொன்று சுரண்டப்படாது எஞ்சினும், நட்டுகள் நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்கப்படாது ஓரத்திலிருந்தே இறுக்கப்படினும் ஒரு மூலையில் இடைவெளி நிற்கும். காபரேற்றருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையிலுள்ள வெப்பந்தடுக்குந் துண்டின் இருபுறமும் கஸ்கெற் வேண்டும். ஒன்றை மறந்துவிடுதல் வழக்கம். கழற்றிய சிறு றப்பர்க்குழாயை மீளச் செருகும்போது அது பிளந்துவிடுதலும் உண்டு. சுருங்கச் சொல்லின், கைபட்ட இடத்திலேயே தேடலைத் தொடங்குதல் முறை. காபரேற்றர்த் தட்டின் அச்சு தேய்ந்து அதன்வழி வளி புகுதலும் பழைய வண்டிகளிற் பெருவழக்கே. எனினும் அது ஒருநாளில் தோன்றுவதன்று.

நால் உருளைக்கும் இரண்டே உறிஞ்சு துளைகள் இருப்பது இவ்வியந்திரத்தின் தனிப்பண்பு. முதலாம் இரண்டாம் உருளைகள் ஒன்றையும், மூன்றாம் நான்காம் உருளைகள் மற்றதையும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ஒரு துளையருகிற் கசிவிருப்பின் இரு உருளைகள் சேர்ந்தே பெரிதும் தளர்வுறும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு வெளிறியிருக்கும். இங்கேதான் பெருந்தவறு நிகழ்கின்றது. இயந்திரம் தளர்வதைக் கண்டவர் காபரேற்றரின் அடியிலுள்ள நட்டைத் திருப்பிப் பெற்றோலைக் கூட்டிவிடுகின்றார். ஓட்டம் ஒருவாறு சீராகின்றது, அவரும் அமைதியடைகின்றார். ஆயின் அவ்வளவினால் பழுதற்ற இரு உருளைகளுக்குத் தேவைக்கு மிஞ்சிய பெற்றோல் சென்று கரி படிகின்றது. பழுதுற்ற இரண்டிலும் கலவை இன்னமும் மெலிந்தே இருக்கலாம். மெலிந்த கலவையுடன் நெடுநாள் ஓடின் புகைபோக்கு வால்வுகள் கருகக்கூடும். கசிவை அடைக்குமுன் காபரேற்றரைத் தொடாதிருத்தல் நன்று.

கசிவின் இடத்தை அறியச் செவியே முதற் கருவி. நீண்ட றப்பர்க்குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியைப் பொருத்துகளின் ஓரமாக நகர்த்தினால் சீறலொலி ஓரிடத்தில் மிகும். விசிறியிலும் அதன் பட்டியிலும் குழாயோ உடையோ சிக்காதவாறு காத்துக்கொள்ளல் வேண்டும். அடுத்து, ஐயத்துக்குரிய பொருத்தில் சில துளி இயந்திர எண்ணெய் விடுதல்; எண்ணெய் இடைவெளியைச் சிறுபொழுது அடைக்க, ஓட்டத்தின் ஒலி உடனே மாறும். புகைபோக்குக் குழாய் அருகிலிருப்பதால் இதனை இயந்திரம் சூடேறுமுன்னரே செய்க. பெற்றோலையோ தீப்பற்றும் தெளிதிரவங்களையோ தெளித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. அது பலனளிப்பினும், ஒரு பொறி வண்டியையே எரித்துவிடும். கராஜுகளில் உறிஞ்சு குழாயினுட் புகையை மெல்லச் செலுத்தி அது வெளிவருமிடத்தைப் பார்க்கின்றனர். இஃது எல்லாவற்றினும் சிறந்த முறை.

கணினியாற் பெற்றோலை அளக்கும் புதிய இயந்திரங்களில் புகைபோக்கிலுள்ள ஒட்சிசன் உணரி கலவையின் மெலிவை அறிவிக்க, கணினி தானே பெற்றோலைக் கூட்டிக் கசிவை மறைக்க முயலும். அதன் எல்லை கடந்தபின்னரே விளக்கு எரியும். இவ்வண்டிகள் பலவற்றில் பிறேக்கின் துணைக்கலமும் மனிபோல்ட்டின் வெற்றிடத்தாலேயே இயங்குவதால், அக்குழாயில் நேரும் கசிவு உயிருக்கே ஊறாகலாம். இயந்திரத்தை நிறுத்திப் பிறேக் மிதியைப் பலமுறை அழுத்திப் பின்னர் அழுத்தியபடியே இயந்திரத்தைக் கிளப்பினால் மிதி சிறிது தாழ்தல் வேண்டும். தாழாதாயின் அவ்வண்டியை வீதிக்குக் கொண்டுசெல்லலாகாது.