கையை விலக்கியது யார்?

அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும் தோசைக்கல்லின் ஓரத்தில் கவனமில்லாமல் விரல் பட்டுவிடுகிறது. ‘சுட்டுவிட்டதே’ என்ற எண்ணம் மனத்தில் உதிக்கும் முன்பே கை தானாக விலகிவிடுகிறது. வேதனை அதற்குப் பிறகுதான் தெரிகிறது. நம்முடைய கையை நம்மைக் கேளாமல் விலக்கியது யார்?

விரல் நுனியில் முடிகிற மெல்லிய நரம்பிழை, அந்த உஷ்ணத்தை மின் துடிப்பாக மாற்றிக் கையின் வழியே தண்டுவடத்துக்கு அனுப்புகிறது. முதுகெலும்புகளின் நடுவே பத்திரமாக இறங்கிவரும், சுண்டுவிரல் பருமனேயுள்ள அந்த நரம்புத்தண்டு, மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் கையின் தசைகளை மடக்கச் செய்துவிட்டு, நடந்த சமாசாரத்தைச் சிரசுக்கும் அனுப்பிவைக்கிறது. இதையே அனிச்சைச் செயல் என்கிறோம். ஆயினும் மூளைக்கு இதில் அதிகாரமே இல்லை என்று எண்ணிவிடலாகாது: நோயுற்ற குழந்தைக்குக் கஞ்சி எடுத்துச் செல்லும் தாய், கிண்ணம் சுட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வைத்துவிட்டுத்தானே விரலை உதறுகிறாள்? அப்போது மேலிருந்து வந்த ஆக்ஞை, தண்டுவடத்தின் அவசரத்தைத் தடுத்து நிறுத்திவிடுகிறது.

நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளப்பது மனிதனால் ஆகாது என்று ஜெர்மானியப் பேராசிரியர் யோஹானஸ் முல்லர் கருதியிருந்தார். அவருடைய மாணாக்கரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளையின் கால் தசையை நரம்போடு பிரித்தெடுத்து, அந்நரம்பைத் தசைக்கு அருகில் ஒருமுறையும் தொலைவில் ஒருமுறையும் மின்சாரத்தால் தூண்டி, இரண்டு தடவையும் தசை சுருங்கிய நேரங்களின் வித்தியாசத்தைக் கொண்டு, வினாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று 1850-ல் கணக்கிட்டுவிட்டார். எல்லா இழைகளுக்கும் ஒரே வேகம் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. கொழுப்புறை போர்த்த பருத்த இழைகளில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர்கூடப் பாயும். உறையற்ற மெல்லிய இழைகளிலோ ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் நகரும். வாசற்படியில் கால் விரல் இடித்துக்கொண்டால் முதலில் ‘சுரீர்’ என்று ஒரு வலியும், சற்றுப் பொறுத்து எரிச்சலும் கடுப்புமாக மற்றொரு வலியும் வருவது இதனால்தான். முதல் வலி உறையுள்ள இழை வழியாகவும் அடுத்தது உறையற்ற இழை வழியாகவும் வந்து சேருகின்றன.

இந்த வேதனையே இல்லாதிருந்தால் எவ்வளவு சுகம் என்று நினைக்காதவர் இல்லை. கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்பதைத் தொழுநோயாளிகளிடம் நேரில் கண்டார். அந்நோயின் கிருமி, சரீரத்தின் குளிர்ந்த பாகங்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைத் தாக்கி, உணர்ச்சியை அழித்துவிடுகிறது. விரல்கள் குறைந்துபோவது சதை அழுகுவதால் என்றே வைத்தியர்கள் பலரும் நம்பியிருந்த காலத்தில், வலி தெரியாமல் நேரும் காயங்களே அதற்குக் காரணம் என்று அவர் நிரூபித்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கிச் சுலபமாகத் திருப்பிவிட்டான்; அவன் விரலிலிருந்து சொட்டிய ரத்தத்தைக் கண்டு பார்த்தால், எலும்பு தெரியுமளவு சதை கிழிந்திருந்தது. அவனோ முகம் சுளிக்கவில்லை.

சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்து வந்ததன் மர்மமும் பிறகு வெளிப்பட்டது: உறங்கும் கையை எலி கடித்தபோது, அதை உதறி விலக்கச் சொல்லும் செய்தி தண்டுவடத்தை எட்டவே இல்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நோயாளிகளோடு ஒரு பூனையையும் சேர்த்தே அனுப்பினார்கள்.