பல கணினிகள், ஒரே அமைப்பு: அமைவுக் கோப்புகளைப் பகிரும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

திருப்பதி: கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கணினி, விடுதி அறையில் மடிக்கணினி, வீட்டில் மற்றொரு கணினி எனப் பல கருவிகளில் பணிபுரிவது மாணவர்களுக்கும் மென்பொருள் பணியாளர்களுக்கும் வழக்கமாகிவிட்டது. விசைப்பலகை, எழுத்துரு, கட்டளைச் சுருக்கங்கள் ஆகியவற்றை ஒவ்வொரு கணினியிலும் புதிதாக அமைப்பதைத் தவிர்க்க, அவற்றைத் தாங்கிய சிறு கோப்புகளை இணையத்தில் ஓரிடத்தில் சேமித்து எல்லாக் கருவிகளிலும் பயன்படுத்தும் முறை பரவலாக உள்ளது. ஆனால், அக்கோப்புகளோடு கடவுச்சொற்களும் அணுகல் சாவிகளும் பொதுவெளிக்குச் சென்றுவிடும் ஆபத்தும் இதில் உள்ளது.

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் உயர்கல்வி நிறுவனங்கள் செறிந்துள்ளன. 1954-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2015-ல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடி, அதே ஆண்டில் அமைந்த இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், ஸ்ரீசிட்டியில் உள்ள இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை அவற்றுள் சில. பயிற்சிப் பணிக்காகவும் வேலைக்காகவும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் செல்லும் இப்பகுதி இளைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

அமைவுக் கோப்பு என்பது என்ன?

ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்று பயனர் செய்யும் தேர்வுகள் பெரும்பாலும் எளிய உரைக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன. இவையே அமைவுக் கோப்புகள். லினக்ஸ், மேக் கணினிகளில் இவற்றுள் பலவற்றின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் ‘டாட்ஃபைல்’, அதாவது புள்ளிக் கோப்பு என்ற பெயரும் உண்டு. இவை சாதாரணக் கோப்புப் பட்டியலில் தென்படுவதில்லை.

இந்த மறைப்பு திட்டமிட்டுச் செய்யப்பட்டதன்று என்று யுனிக்ஸ் வல்லுநர் ராப் பைக் விளக்கியுள்ளார். யுனிக்ஸின் தொடக்கக் காலத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் இருந்த ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரு பதிவுகளைப் பட்டியலில் காட்டாமல் விட ஒரு குறுக்குவழி கையாளப்பட்டது. பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதிக்கப்பட்டதால், புள்ளியில் தொடங்கிய எல்லாக் கோப்புகளும் மறைந்தன. பின்னர் நிரலாளர்கள் தங்கள் அமைவுகளை அங்கே வைக்கத் தொடங்கினர். ஆகவே, புள்ளிக் கோப்பு கண்ணுக்குத் தெரியாததே தவிர, பூட்டப்பட்டதன்று. அக்கோப்பைத் திறக்கும் உரிமையுள்ள எவரும் அதனைப் படிக்க இயலும்.

பல கணினிகளில் எவ்வாறு பகிரப்படுகிறது?

பென்டிரைவில் நகலெடுத்துச் செல்வதே எளிய வழி. ஆனால், ஒரு கணினியில் செய்த மாற்றம் மற்றொன்றில் இல்லாமல் போவதால், எது புதிய நகல் என்ற குழப்பம் விரைவில் எழும்.

இதற்குத் தீர்வாகப் பலரும் ‘கிட்’ என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் இதனை எழுதினார். எல்லா அமைவுக் கோப்புகளும் ஒரே கோப்புறையில் தொகுக்கப்பட்டு, கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்களில் ‘களஞ்சியம்’ ஆக வைக்கப்படுகின்றன. புதிய கணினி கிடைத்ததும் அக்களஞ்சியத்தை இறக்கிக் கொண்டால் போதும். எந்த மாற்றம் எப்போது செய்யப்பட்டது என்பதும் பதிவாகும்.

ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைவுக் கோப்பை ஒரு குறிப்பிட்ட இடத்தில் தேடும். எனவே, அவ்விடத்தில் உண்மையான கோப்புக்குப் பதிலாக, களஞ்சியத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் ‘சிம்லிங்க்’ என்ற இணைப்பு வைக்கப்படுகிறது. குனு ஸ்டோவ் என்ற கட்டற்ற மென்பொருள் இந்த இணைப்புகளைத் தானாகவே உருவாக்கித் தரும்.

கணினிக்குக் கணினி மாறுபடும் அமைவுகளுக்கும் வழி உண்டு. கல்லூரிப் பணிக்கு ஒரு மின்னஞ்சல், சொந்தப் பணிக்கு மற்றொன்று எனப் பயன்படுத்துபவர்கள், கோப்புறையைப் பொறுத்துத் தனித்தனி அமைவைச் சேர்க்கும் வசதி கிட் மென்பொருளிலேயே உள்ளது.

தமிழும் தெலுங்கும் தட்டச்சு செய்வோருக்கு

இரு மொழிகளும் அன்றாடம் புழங்கும் சித்தூர் போன்ற எல்லைப் பகுதியில் விசைப்பலகை அமைவு முக்கியமானது. தமிழுக்கு 1999-ல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ முறையைப் பயன்படுத்துவோர் உண்டு. இந்திய மொழிகளுக்குப் பொதுவான ‘இன்ஸ்கிரிப்ட்’ முறையில், ஒரே ஒலிக்குரிய எழுத்து எல்லா மொழிகளிலும் ஒரே விசையில் அமைவதால், தமிழில் பழகியவர் தெலுங்கிலும் எளிதில் தட்டச்சு செய்யலாம்.

லினக்ஸில் பரவலாக உள்ள க்னோம் திரைச்சூழலில் இவ்விசைப்பலகைத் தேர்வு உரைக் கோப்பாக இருப்பதில்லை. ‘டிகான்ஃப்’ என்ற சிறு தரவுத்தளத்தில் பதிவாகிறது. அதற்குரிய கட்டளை மூலம் தேவையான பகுதியை மட்டும் உரைக் கோப்பாக எடுத்துக் களஞ்சியத்தில் சேர்த்துக் கொண்டால், புதிய கணினியிலும் அதே விசைப்பலகை வரிசையை மீட்டெடுக்கலாம்.

ஆபத்து எங்கே உள்ளது?

அமைவுக் கோப்புகளில் நிறத் தேர்வுகள் மட்டும் இருப்பதில்லை. மேகக் கணினிச் சேவைகளின் அணுகல் சாவி, தரவுத்தளக் கடவுச்சொல், தொலைக் கணினியில் நுழைவதற்கான தனிச்சாவி ஆகியவையும் அவற்றின் அருகிலேயே இருக்கின்றன. வீட்டுக் கோப்புறையை முழுமையாகப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றும்போது இவையும் உடன் செல்கின்றன. இவற்றைத் தேடும் தானியங்கி நிரல்கள் பொதுக் களஞ்சியங்களை இடைவிடாது துழாவுகின்றன. 2023-ல் மட்டும் கிட்ஹப்பின் பொதுக் களஞ்சியங்களில் ஏறத்தாழ 1.28 கோடி ரகசியங்கள் புதிதாகக் கசிந்ததாக, பாதுகாப்பு நிறுவனமான கிட்கார்டியன் கணக்கிட்டது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு சோலார்விண்ட்ஸ். அமெரிக்க மென்பொருள் நிறுவனமான அதன் கோப்புச் சேவையகத்தின் கடவுச்சொல் கிட்ஹப்பில் எவரும் காணும் வகையில் இருப்பதை, வினோத் குமார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2019 நவம்பரில் கண்டறிந்து நிறுவனத்துக்குத் தெரிவித்தார். நிறுவனத்தின் பெயரோடு 123 என்ற எண்ணைச் சேர்த்ததே அக்கடவுச்சொல். 2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் விசாரணையில், பயிற்சிப் பணியாளர் ஒருவர் தம் சொந்த கிட்ஹப் கணக்கில் அதனைப் பதிவேற்றியதாக அந்நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி கெவின் தாம்சன் கூறினார். 2020 இறுதியில் வெளிச்சத்துக்கு வந்த பெரும் ஊடுருவலுக்கு இக்கசிவே காரணம் என்று நிறுவப்படவில்லை. எனினும், உலகளாவிய நிறுவனத்தின் தலைமை நாடாளுமன்றக் குழு முன் பதில் சொல்லும் நிலை, ஒரு தனிநபர் கணக்கில் இருந்த ஒரு வரியால் ஏற்பட்டது.

பயிற்சிப் பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு இதில் பாடம் உண்டு. சொந்தக் களஞ்சியத்தில் அலுவலகச் சாவி ஒன்று கலந்துவிட்டால், அதன் விளைவு நிறுவனத்தையும் அதன் வாடிக்கையாளர்களையும் சென்றடையும்.

அனுபவம் மிக்கவர்களுக்கும் இத்தவறு நேர்வதுண்டு. கிட்ஹப் நிறுவனத்தின் சொந்தத் தனிச்சாவி ஒன்றே பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டதால், 2023 மார்ச் மாதம் அச்சாவியை அந்நிறுவனம் மாற்ற நேர்ந்தது.

தனிப்பட்ட களஞ்சியம் போதாதா?

பொதுவில் வைக்காமல், தனிப்பட்ட களஞ்சியமாக வைப்பது நன்று. ஆனால் அதுவும் முழுக் காப்பன்று. 2016-ல் ஊபர் பொறியாளர்கள் பயன்படுத்திய தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கிருந்த மேகக் கணினிச் சாவிகளைக் கொண்டு 5.7 கோடி பயணிகள், ஓட்டுநர்களின் தரவுகளை எடுத்தனர். கணக்கு திருடப்பட்டால் களஞ்சியமும் திறந்துவிடும் என்பதால், ரகசியங்களை எந்தக் களஞ்சியத்திலும் வைக்காதிருப்பதே பாதுகாப்பானது.

செய்ய வேண்டியவை

* வீட்டுக் கோப்புறையை மொத்தமாக ஏற்றாமல், தேவையான கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து சேர்க்க வேண்டும்.

* சாவிகளையும் கடவுச்சொற்களையும் தனிக் கோப்பில் வைத்து, அதனைக் கிட் புறக்கணிக்கும் பட்டியலில் முதலிலேயே சேர்க்க வேண்டும். ஏற்கெனவே களஞ்சியத்தில் பதிவான கோப்பை இப்பட்டியல் தடுக்காது.

* தொலைக் கணினியில் நுழைவதற்கான தனிச்சாவியை நகலெடுக்காமல், ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக உருவாக்க வேண்டும். மடிக்கணினி தொலைந்தால் அதற்குரிய சாவியை மட்டும் நீக்கினால் போதும்.

* கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வசதியை இயக்க வேண்டும்.

* பிறர் பகிர்ந்த அமைவுக் கோப்புகளைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் இயக்கக் கூடாது. அவற்றுள் பல, கணினி நிறைவேற்றும் கட்டளைகளாகும்.

அறியப்பட்ட வடிவிலான சாவிகள் பொதுக் களஞ்சியத்தில் ஏறுவதைத் தடுக்கும் வசதியை 2024 பிப்ரவரி இறுதி முதல் கிட்ஹப் இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. எனினும், பயனர் தாமே அமைத்த சாதாரணக் கடவுச்சொல்லை அது அடையாளம் காணும் என்று நம்பியிருக்க இயலாது.

கசிந்துவிட்டால் என்ன செய்வது?

கோப்பை அழிப்பதே பலரும் முதலில் செய்யும் செயல். அது போதாது. கிட் பழைய பதிப்புகள் அனைத்தையும் சேமித்து வைப்பதால், அழித்த கோப்பும் வரலாற்றில் இருக்கும். அதற்குள் எவரேனும் நகலெடுத்திருக்கவும் கூடும். எனவே, கசிந்த சாவியை உரிய சேவையில் உடனே செல்லாததாக்கிப் புதிய சாவி பெறுவதே முதல் பணி. களஞ்சியத்தின் வரலாற்றைத் தூய்மை செய்வது அதன் பிறகே. சாவி அலுவலகத்துக்குரியதாயின் தாமதமின்றி மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு நிறுவனங்களுக்கு செர்ட்-இன் அமைப்பு 2022-ல் உத்தரவிட்டுள்ளது. பண இழப்பு ஏற்பட்டிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

நிரல் எழுதாதவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். இணைய உலாவியில் கணக்கின் வழியே உள்நுழைந்து ஒத்திசைவை இயக்கினால், புத்தகக்குறிகளோடு சேமித்த கடவுச்சொற்களும் அக்கணினிக்கு வந்துவிடும். கல்லூரி ஆய்வகத்திலோ இணைய மையத்திலோ அவ்வாறு செய்துவிட்டு அப்படியே எழுந்து சென்றால், அடுத்து அமர்பவர் கையில் அவை கிடைக்கும். பொதுக் கணினிகளில் ஒத்திசைவைத் தவிர்ப்பதும், உள்நுழைந்திருந்தால் பணி முடிந்ததும் வெளியேறி அக்கணினியில் உள்ள தரவுகளை நீக்குவதும் அவசியம். மறந்து வந்துவிட்டவர்கள், தங்கள் கைப்பேசியிலிருந்தே கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து அக்கருவியை வெளியேற்றி, கடவுச்சொல்லையும் மாற்றிக் கொள்ளலாம்.