பூங்காச் சீரமைப்பில் வணிகர்களின் பங்கு

சென்னையில் மொத்த வணிகம் செய்யும் நம்மில் பலர் அன்றாடம் பில்லிலும் பார்சலிலும் ‘பார்க் டவுன், சென்னை 3’ என்று விலாசம் எழுதுகிறோம். அந்தப் பார்க் எது, அது எங்கே போயிற்று என்று நாம் கேட்டதுண்டா?

1859ல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நெருக்கடியான கருப்பர் நகரத்து மக்களுக்குக் காற்றோட்டமான இடம் வேண்டும் என்று கருதி ஏற்படுத்தியதுதான் ‘பீப்பிள்ஸ் பார்க்’. பரப்பளவு சுமார் 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், பாண்டு வாத்திய மேடை, விலங்குக் காட்சிசாலை எல்லாம் அதில் இருந்தன. பின்னர் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1900ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913ல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. விளையாட்டரங்கம் வந்தது. விலங்குகள் வண்டலூருக்குப் போயின. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீக்கிரையானபின், அந்த இடத்தில் ரயில்வே வளாகம் எழுந்தது. இடமிழந்த வணிகர்களுக்குப் பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடத்தில் வணிக வளாகம் கட்டித் தரப்பட்டது. இன்று மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுகளும், ‘பார்க் டவுன்’ என்ற பெயரும்தான் எஞ்சியுள்ளன.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தக்க காரணம் இருந்தது. அங்காடி கேட்டவர்களும் நம்மைப் போன்ற வணிகர்களே. ஆனால் தக்க காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்ததில் 116 ஏக்கர் கரைந்துவிட்டது. நம் ஊர்களில் பூங்காக்களைச் சீரமைக்கத் திட்டங்கள் தீட்டப்படும்போது, வணிகர்களாகிய நாம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதை இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

நமக்கு இதில் என்ன அக்கறை?

“பூங்கா மாநகராட்சியின் வேலை. நமக்குக் கடை இருக்கிறது” என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பூங்காவுக்கு அருகே மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு உண்மை தெரியும். காலையில் நடக்க வருபவர் திரும்பும்போது பாலும் கீரையும் வாங்குகிறார். மாலையில் குழந்தையோடு வரும் தாய் பிஸ்கட்டோடு நிற்பதில்லை. வீட்டுக்கு வேண்டிய பருப்பும் புளியும் சேர்த்தே வாங்கிச் செல்கிறார். அதே பூங்காவில் விளக்கு எரியாமல், இருட்டில் நாலு பேர் குடித்துக் கிடந்தால், அந்தத் தாய் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார். பூங்கா கெட்டால் முதலில் அடிவாங்குவது பக்கத்துக் கடையின் மாலை வியாபாரம்.

இரண்டாவது, மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அரிசி மூட்டையும் சர்க்கரையும் கரைந்து போனதை நாம் மறக்கவில்லை. கணக்கைப் பாருங்கள்: ஒரு ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 4 லட்சம் லிட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் முப்பத்து மூன்று நடை. பூங்கா முழுவதும் சிமெண்ட் கல் பதித்துவிட்டால் அவ்வளவு நீரும் தெருவுக்கு வந்து நம் கடைப் படியேறும். அதே பூங்காவில் பத்து சென்ட் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குளம் வெட்டி, நடைபாதை நீரையும் புல்தரை நீரையும் அதில் விட்டால் அத்தனையும் அங்கேயே நிற்கும். சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் சில பூங்காக்களில் மழைநீரை உறிஞ்சும் இத்தகைய குளங்களை அமைத்துள்ளது. குளத்தைச் சுற்றி வேலி அவசியம். குழந்தைகள் வரும் இடம் அல்லவா!

மூன்றாவது, நம் பணியாளர்கள். கடைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கடைக்குள் இருக்கை அளிப்பது நம் கடமை. ஆனால் மதிய உணவு வேளையில் அரைமணி நேரம் மர நிழலில் உட்கார ஒரு பூங்கா இருந்தால், பிற்பகலில் அவர்களின் முகமே வேறாக இருக்கும். நண்பகலில் பூங்கா வாசலைப் பூட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இதை மாற்றக் கோருவதற்குப் பத்து ரூபாய்கூடச் செலவில்லை. காவலாளி இருந்தால் போதும்.

திட்டம் எப்படி உருவாகிறது?

பூங்காச் சீரமைப்பு பொதுவாக ஒரே வரிசையில் நடக்கும். முதலில் இருப்பதைக் கணக்கெடுப்பார்கள். பிறகு வரைபடம், மதிப்பீடு, மன்றத்தின் ஒப்புதல், டெண்டர், வேலை, திறப்பு விழா. நம்மில் பெரும்பாலோர் வாய் திறப்பது திறப்பு விழாவுக்குப் பிறகுதான். வாசலைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார்கள் என்று அப்போது சொல்லி என்ன பயன்? மதிப்பீடு கையெழுத்தாகும் முன் சொன்ன ஒரு வார்த்தை, பின்னால் கொடுக்கும் நூறு மனுக்களுக்குச் சமம்.

சொல்ல இடமும் இருக்கிறது. 2022ல் வந்த விதிகளின்படி தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் அமைந்தன. வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பகுதி சபா அப்பகுதி வாக்காளர்களுக்கானது. நம்மில் பலருக்குக் கடை ஒரு வார்டில், வாக்கு வேறொரு வார்டில். ஆகவே கடை இருக்கும் வார்டில் நம் குரல் தானாக ஒலிக்காது. சங்கத்தின் பெயரில் கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் கொடுக்கவேண்டும். அப்பகுதியில் வாக்குள்ள வாடிக்கையாளர்களையும் கூட்டத்துக்குப் போகச் சொல்லவேண்டும். மதிப்பீட்டின் நகல் வேண்டுமானால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

வெறுங்கையோடு போகவேண்டாம்

அதிகாரியின் முன் “பூங்கா சரியில்லை ஐயா” என்று சொன்னால் அவர் தலையாட்டுவார், அதோடு சரி. கணக்கோடு போனால் பேச்சே வேறு. கணக்கு எழுதுவது நமக்குப் புதிதல்லவே. ஒரு வாரத்துக்கு, பூங்கா வாசலைப் பார்த்த கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போடலாம். காலை 6 முதல் 8, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 8 என மூன்று வேளையிலும் உள்ளே போகிறவர்களை ஆண், பெண், முதியவர், குழந்தை என்று கோடு கிழித்துக் குறித்தால் போதும். கூடவே, பூங்காவுக்கு வராத வாடிக்கையாளர்களிடம் “ஏன் வருவதில்லை?” என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். வருகிறவர்களிடம் மட்டும் கேட்டால் குறை பாதிதான் தெரியும். கழிப்பறை இல்லை, நாய்த் தொல்லை, இருட்டு, முதியவர் ஏறமுடியாத படி என்று பதில்கள் வரும். பெரும்பாலும் இவை சில்லறைச் செலவில் தீர்பவை.

எதைக் கேட்கலாம்?

ஒரு கடையைத் திறக்கும் செலவு வேறு, மாதாமாதம் நடத்தும் செலவு வேறு என்பது வணிகனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பூங்காவும் அப்படியே. செயற்கை நீரூற்று திறப்பு விழாவன்று அழகாகப் பொங்கும். மோட்டார் பழுதானால் அது கொசு வளர்க்கும் தொட்டி. ஆகவே கீழ்க்கண்டவற்றை முதலில் கேட்போம்:

1. பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியான, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை; அதைத் தினமும் கழுவ ஆள்.
2. எல்லா மூலையிலும் எரியும் விளக்கு, குடிநீர்.
3. கடைத்தெருப் பக்கமும் ஒரு வாசல். சக்கர நாற்காலி ஏற சரிவுப் பாதை.
4. இருக்கும் மரங்களை வெட்டாமல் வரைபடம். கல் பதிக்காத மண் தரை.
5. பராமரிப்புக்கான ஆண்டுத் தொகை திட்டத்திலேயே எழுதப்படுதல்.

பூங்கா என்பது மரமும் பெஞ்சும் மட்டுமன்று. அங்கு என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். மயிலாப்பூர் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமிர்தாஞ்சன் தைலத்தை நிறுவி வணிகத்தில் உயர்ந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கியது அது. ஒலிபெருக்கி இல்லாமல் சிறுவர்கள் பாடும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு அப்பூங்கா பெயர் பெற்றது. மேடை இல்லை, பந்தல் இல்லை, பெருஞ்செலவும் இல்லை. நம் ஊர்ப் பூங்காக்களிலும் வார இறுதியில் சதுரங்கம், சிலம்பம், யோகா, கோலப்போட்டி என்று ஏதேனும் ஒன்றை ஒழுங்காக நடத்தினால் மக்கள் வருவார்கள். மக்கள் வரும் இடத்தில் சமூக விரோதிகள் தங்கமாட்டார்கள்.

எதைக் கேட்கக்கூடாது?

இங்குதான் நம்மில் சிலருக்கு வருத்தம் வரலாம், எனினும் சொல்லியாகவேண்டும். “பூங்காவின் ஒரு மூலையில் வாகனம் நிறுத்த இடம் கொடுங்கள்”, “மதிலையொட்டிப் பத்துக் கடை கட்டி வாடகைக்கு விடுங்கள்” என்ற கோரிக்கைகள் நம் கூட்டங்களில் எழுவதுண்டு. வாகன நெருக்கடி உண்மைதான். ஆனால் ஒரு மூலை போனால் அடுத்த மூலைக்கு வேறொருவர் தக்க காரணத்தோடு வருவார். பீப்பிள்ஸ் பார்க் அப்படித்தான் போயிற்று. பத்துக் கடைகளின் வாடகை பத்துப் பேருக்குப் பயன்படும். பூங்கா தெரு முழுவதற்கும் ஆள் கொண்டுவரும்.

பதிவான பூங்காவை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. உங்கள் பகுதிப் பூங்கா அச்சட்டப்படியான பட்டியலில் உள்ளதா என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். புதிய மனைப்பிரிவுகளிலும் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமானால் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. அப்படி ஒப்படைத்த இடம் குப்பைமேடாகக் கிடந்தால் அதைக் கேட்டு வாங்குவதும் நம் வேலையே.

வாகன நிறுத்தம் பற்றிய அச்சத்தைத் தியாகராய நகரில் பார்த்தோம். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, வாகனம் நிறுத்த இடமின்றி வாடிக்கையாளர் வரமாட்டார் என்று வணிகர்கள் கவலைப்பட்டனர். அதற்கு விடையாகப் பல அடுக்கு வாகன நிறுத்தம் தனியே கட்டப்பட்டது. வாகனத்துக்கு இடம் வேண்டுமானால் அதைத் தனியாகக் கேட்கவேண்டும், நடக்கும் இடத்தையும் நிழலையும் பிடுங்கிக் கேட்கக்கூடாது என்பதே இதில் நாம் காணும் பாடம். அதே பகுதியில், ஜவுளிக் கடைகள் சூழ்ந்த பனகல் பூங்காவின் ஒரு பகுதி மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிக்காக எடுக்கப்பட்டது. இவ்வாறு எடுக்கப்படும் நிலம் மரத்தோடும் புல்லோடும் திரும்பிவருமா என்று முதலில் கேட்கவேண்டியவர்கள் சுற்றியுள்ள வணிகர்கள்.

வாசலில் கடை போடும் சிறு வியாபாரிகளிடமும் நமக்குப் பகை வேண்டாம். 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவர்களுக்கான இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிட்டால் நமக்கும் வழி மறையாது, அவர்களுக்கும் விரட்டல் இருக்காது.

நாம் என்ன தரலாம்?

கேட்பவர் கொஞ்சம் கொடுக்கவும் வேண்டும். 1990களில் தொடங்கி, 2021ல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்ட நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தந்தால் மீதியை அரசு ஏற்கும் ஏற்பாடு உண்டு. 3 லட்சம் ரூபாய் வேலைக்குச் சங்கம் 1 லட்சம் திரட்டவேண்டும். ஒரு தெருவில் நூறு கடைகள் இருந்தால் கடைக்கு ஆயிரம் ரூபாய். பணம் தரமுடியாதவர் காலையில் பத்து நிமிடம் தரலாம்: விளக்கு எரிகிறதா, குழாயில் நீர் வருகிறதா என்று பார்த்து, இல்லையெனில் அன்றே புகார் எழுதினால் போதும். மாநகராட்சியில் ஆள் மாறுவார். கடைக்காரர் அதே இடத்தில்தான் இருப்பார். பூங்காவுக்கு நம்மைவிட நிலையான காவலர் கிடையாது.

நமது அடுத்த சங்கக் கூட்டத்தில், உறுப்பினர்கள் அவரவர் பகுதிப் பூங்காவின் ஒரு வாரக் கணக்கோடு வரவேண்டுகிறோம். அந்த நோட்டுகளை ஒன்றுசேர்த்தே நமது மனு தயாராகும். பார்க் டவுனில் பெயர் மட்டும் மிஞ்சியதுபோல் நம் பேரப்பிள்ளைகளுக்கும் பெயரை மட்டும் விட்டுச் செல்லவேண்டாம்.