வீட்டுக்கு வரும் கடதாசிகளும் ஆங்கிலச் சொற்களும்

‘செவரல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பல’ என்று ஏழாம் ஆண்டு மாணவனும் பொருள் சொல்லுவான். ஆனால், கடனுக்குப் பிணை நிற்பவர் ஒப்பமிடும் ஆங்கிலப் பத்திரத்தில் ‘ஜொயின்ட் அன்ட் செவரல்’ என்று வரும்போது அதன் பொருள் வேறு. ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பதே அது. இருவர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதிப் பொறுப்பு என்றுதான் எண்ணத் தோன்றும். அப்படியல்ல. கடன் பெற்றவர் தவறினால், முழுத் தொகையையும் இருவரில் ஒருவரிடமே கேட்க இச்சொல் வழிவிடுகிறது. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி பெற்ற பிள்ளை பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினாலும் இந்த இடம் தட்டுப்படாமற் போகலாம். தெரிந்த சொல்தானே என்று தாண்டிவிடும்.

இதற்காகப் பாடசாலையைக் குறை சொல்வதற்கில்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராக இருந்த மைக்கல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த அவரில் கொக்ஸ்ஹெட் என்ற அம்மையார் உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார். இவ்வளவையும் கற்றாலும், சட்டமும் மருத்துவமும் தமக்கென வைத்திருக்கும் சொற்கள் வெளியேதான் நிற்கும். அவை நம் வீட்டுக்குக் கடதாசிகளாக வந்து சேருகின்றன.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டைப் பாருங்கள். ‘ஹைப்பர்’ என்றால் மிகை, ‘ஹைப்போ’ என்றால் குறைவு. இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. இரத்தத்தில் சீனி கூடுவது ‘ஹைப்பர்கிளைசீமியா’. குறைவது ‘ஹைப்போகிளைசீமியா’. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். பின்னதில், நோயாளி நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் உடனே சீனிக் கரைசல் கொடுக்கவேண்டும். முன்னதில் சீனி கொடுப்பது கேட்டையே கூட்டும். ‘கொன்ட்ரா’ என்பது எதிர். ஆகவே ‘கொன்ட்ரா-இன்டிகேஷன்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பது, அம்மருந்தை யார் எடுக்கக்கூடாது என்ற விபரம்.

ஆனாலும் முன்னொட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. ‘இன்’ என்பது பல சொற்களில் ‘இல்லை’ என்ற பொருளைத் தரும். அதை நினைத்து ‘இன்பிளேமபிள்’ என்று எழுதிய தகரத்தைத் தீப்பற்றாத பொருளென்று அடுப்படியில் வைத்தால் என்னவாகும்? அச்சொல்லின் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதாகும்.

அகராதியை முதற்பக்கத்திலிருந்து மனனம் செய்வதில் எமக்கு நம்பிக்கையில்லை. இருமொழியில் வந்த ஒரே பத்திரம் அதைவிட நல்ல ஆசிரியர். எமது நாட்டின் சட்டங்களும் வர்த்தமானி அறிவித்தல்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பந்தியை மட்டும் வாசியுங்கள். ‘நொட்வித்ஸ்டாண்டிங்’ எங்கே வருகிறது, அதைத் தமிழில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். சொல்லைத் தனியே எழுதாமல் முழு வசனத்தையும் அப்பியாசக் கொப்பியில் எழுதி, மறுநாளும் ஒரு கிழமை கழித்தும் ஒரு மாதம் கழித்தும் தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டுப் பாருங்கள். சட்டத் தமிழும் சில இடங்களில் ஆங்கிலத்தைப் போலவே கடினமாயிருக்கும். அதையும் சேர்த்தே படித்ததாகும்.

பிணை நிற்கக் கேட்டு யாரும் வந்தால், பத்திரத்தின் பிரதியொன்றை ஒப்பமிடுமுன் வாங்கி வாருங்கள். விளங்காத சொற்களுக்கு மட்டுமன்றி, விளங்கியதாகத் தோன்றும் சொற்களுக்கும் கீழே கோடிட்டு, சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.